பொறுப்பு கார்டிஃபில், சாவி லண்டனில்

நியூபோர்ட்டிலிருந்து எப்பு வேலுக்குச் செல்லும் ரயிலில் மாதம் இருமுறையாவது ஏறுகிறேன். தென்கிழக்கு வேல்ஸின் பள்ளத்தாக்குகளில் உள்ள முதியோர் காப்பகங்களுக்குச் சென்று, அங்கிருப்பவர்கள் உட்கொள்ளும் மருந்துகளைச் சரிபார்த்துத் தரும் மருந்தாளுநர் வேலை எனக்கு. 1962இல் பயணிகள் சேவை நிறுத்தப்பட்ட தடம் அது. எப்பு வேலின் எஃகு ஆலை 2002இல் மூடப்பட்டு ஊரே வேலையின்றி நின்ற பிறகு, 2008 பிப்ரவரியில் அத்தடத்தில் மீண்டும் பயணிகள் வண்டி ஓடத் தொடங்கியது. 2015 மே மாதத்தில் அது நகர மையம் வரை நீட்டிக்கப்பட்டது. இரு பணிகளுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதி உதவியது. தண்டவாளம் லண்டன் அரசின்கீழ் இயங்கும் நெட்வொர்க் ரயிலுக்குச் சொந்தம். வண்டியை ஓட்டுவது, வேல்ஸ் அரசு 2021 பிப்ரவரியில் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்ட நிறுவனம். நியூபோர்ட்டுக்கு நேரடி வண்டி 2024 பிப்ரவரியில்தான் வந்தது. அதற்காகத் தடத்தை மேம்படுத்த லண்டன் அரசு தந்தது 7 கோடி பவுண்டு கடன். லண்டனுக்குச் சொந்தமான தண்டவாளத்துக்காக வேல்ஸ் கடன்பட்டது.

வண்டி வராத ஒரு காலைப்பொழுதில், என்னோடு நடைமேடையில் காத்திருந்த பெரியவர் ஒருவர், இதை யாரிடம் போய்க் கேட்பது என்று என்னிடமே கேட்டார். பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக இந்நாட்டில் வாழ்ந்தும் எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. அவருடைய கேள்வியைத் தன் பொதுவாழ்வின் நடுவில் வைத்திருந்த ஒரு மக்கள் பிரதிநிதியைப் பற்றி எழுத வேண்டும் என்று அன்றுதான் தோன்றியது.

அவர் பெயர் ஸ்டெஃபான் லூயிஸ். இந்த ரயில் தடம் கடந்து செல்லும் தென்கிழக்கு வேல்ஸ் பிராந்தியத்தின் உறுப்பினராக, வேல்ஸ் தேசியவாதக் கட்சியான பிளைட் கம்ரியின் சார்பில், 2016 மே மாதம் வேல்ஸின் சட்டமன்றமான பேரவைக்குத் தேர்வானவர். அந்தத் தேர்தலில் வென்றவர்களிலேயே வயதில் இளையவர். அவர் பதவியேற்று இரண்டு மாதம் ஆவதற்குள் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறுவதற்கான பொதுவாக்கெடுப்பு நடந்து முடிந்தது. அது வேல்ஸுக்கு என்ன செய்யும் என்பதைத் தம் கட்சியின் சார்பில் பேரவையில் எடுத்துரைக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. 2017 டிசம்பரில் அவருக்கு முற்றிய குடல் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. 2019 ஜனவரி 11 அன்று, 34 வயதில் இறந்தார். இரண்டரை ஆண்டுகளுக்குச் சற்றே கூடுதலான பொதுவாழ்வு. அதற்குள் அதிகாரப் பகிர்வு (லண்டன் தன் அதிகாரங்களில் சிலவற்றை வேல்ஸுக்குப் பிரித்துக் கொடுத்த ஏற்பாடு), பொதுச் சேவைகள், ஐரோப்பாவிலிருந்து விலகல் என்று அவர் பேசிய மூன்றும் உண்மையில் ஒரே கவலையின் மூன்று முகங்கள் என்பது என் எண்ணம்: ஒரு காரியத்துக்குப் பொறுப்பேற்பவர் கையில் அதைச் செய்து முடிக்கும் அதிகாரமும் பணமும் இல்லையென்றால், பாதிக்கப்பட்டவர் எந்த வாசலில் போய் நிற்பது?

நான் அவரை நேரில் பார்த்ததில்லை. அவர் பெயரை முதன்முதலில் கவனித்ததற்குக் காரணம் அரசியல் அல்ல. 2014 இலையுதிர்காலத்தில் எனக்கு மகள் பிறந்தாள். மூன்றாம் வாரத்திலிருந்து என் மனம் என் வசத்தில் இல்லை. உறக்கம் போயிற்று, குழந்தையைத் தொட அச்சம் வந்தது, அதைச் சொல்லவும் அச்சமாக இருந்தது. என்னைப் பார்த்த மருத்துவர் அன்பானவர். ஆனால் அவரால் என் முன் வைக்க முடிந்தவை இரண்டே வழிகள். குழந்தையைப் பிரிந்து பொது மனநலப் பிரிவில் சேர்வது ஒன்று. தாயையும் சேயையும் சேர்த்து வைத்துப் பார்க்கும் பிரிவுக்காக எல்லை தாண்டி இங்கிலாந்தின் ஏதோ ஒரு தொலைநகருக்குப் போவது மற்றொன்று. வேல்ஸ் முழுமைக்கும் இருந்த ஒரே தாய்–சேய் மனநலப் பிரிவு 2013இல் மூடப்பட்டுவிட்டதாக அன்றுதான் தெரிந்துகொண்டேன். இரண்டுக்கும் நான் இசையவில்லை. கும்பகோணத்திலிருந்து அம்மா வந்து ஆறு மாதம் உடனிருந்தார். மாத்திரைகளாலும் அம்மாவின் கைப்பக்குவத்தாலும் மெல்ல மீண்டேன். அம்மா வர முடியாத பெண்கள் என்ன செய்தார்கள் என்பதை நினைக்காமல் இருக்க முடிந்ததில்லை.

லூயிஸ் பேரவைக்கு வந்ததும் விடாமல் எழுப்பிய கோரிக்கைகளில் ஒன்று, அத்தகைய பிரிவு வேல்ஸில் மீண்டும் வேண்டும் என்பது. ஒரு நாட்டுக்குச் சட்டமன்றமும், சுகாதார அமைச்சரும், தனி நிதிநிலை அறிக்கையும் இருந்தும், பிள்ளை பெற்ற பெண் சிகிச்சைக்காகப் பிள்ளையைப் பிரிந்திருக்க வேண்டும் என்றால் அந்த அதிகாரப் பகிர்வு யாருக்காக? அவருடைய கோரிக்கையைப் படித்தபோது என்னுள் எழுந்த கேள்வி இது. இதற்கு லண்டனைக் குறைசொல்ல இடமே இல்லை. சுகாதாரம் 1999 முதல் முழுக்க முழுக்க வேல்ஸின் தலைநகரான கார்டிஃபின் பொறுப்பு. வேல்ஸின் உரிமைக்காக வாதாடிய அவர், வேல்ஸ் அரசையும் அதே கடுமையோடு கேட்டார் என்பதே எனக்கு அவர்மேல் மதிப்பு வரக் காரணம்.

அதிகாரப் பகிர்வு என்ற சொல் இங்கே வெறும் நிர்வாகச் சொல் அல்ல. வடக்கே டிரவெரின் பள்ளத்தாக்கில் கேப்பல் கெலின் என்றொரு சிற்றூர் இருந்தது; பன்னிரண்டு வீடுகள், ஒரு பள்ளி, ஓர் அஞ்சலகம், ஒரு வழிபாட்டுக்கூடம். வெல்ஷ் மொழி மட்டுமே புழங்கிய ஊர். லிவர்பூல் நகருக்குத் தண்ணீர் வேண்டும் என்பதற்காக அப்பள்ளத்தாக்கை அணைநீரில் மூழ்கடிக்க 1957இல் லண்டன் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. வேல்ஸின் 36 உறுப்பினர்களில் ஒருவர்கூட அதற்கு ஆதரவாக வாக்களிக்கவில்லை. சட்டம் நிறைவேறியது, 1965இல் ஊர் நீருக்குள் போனது. 2005இல் லிவர்பூல் மாநகர மன்றம் மன்னிப்புக் கேட்டது. ‘டிரவெரினை நினைவில் வை’ என்று வெல்ஷில் எழுதிய சுவர்களை இன்றும் சாலையோரங்களில் காணலாம். தம் பிரதிநிதிகள் அனைவரும் ஒரு பக்கம் நின்றாலும் முடிவு வேறு பக்கம் போகும் என்பதை இந்நாட்டவர் அன்று கற்றுக்கொண்டார்கள்.

ஆனாலும் தன்னாட்சியை அவர்கள் உடனே விரும்பிவிடவில்லை. 1979 மார்ச் 1 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில் ஐந்தில் நான்கு பங்கினர் வேண்டாம் என்றார்கள். 1997 செப்டம்பர் 18 அன்று மறுபடி கேட்டபோது 5,59,419 பேர் வேண்டும் என்றும் 5,52,698 பேர் வேண்டாம் என்றும் வாக்களித்தனர், வித்தியாசம் 6,721. அந்த மெல்லிய நூலில் தொங்கிக்கொண்டுதான் 60 உறுப்பினர் கொண்ட பேரவை 1999இல் பிறந்தது. முதலில் அதற்குச் சட்டம் இயற்றும் முழு அதிகாரம் இல்லை. 2011 மார்ச் மாதத்தில் நடந்த மற்றொரு வாக்கெடுப்பில் 63.5 விழுக்காட்டினர் ஆதரித்த பிறகே அது கிடைத்தது. வருமான வரியின் ஒரு பகுதியை நிர்ணயிக்கும் உரிமை 2019இல் வந்தது. பேரவைக்குச் செனெத் என்ற பெயர் வந்தது 2020 மே மாதத்தில். காவல்துறையும் நீதிமன்றங்களும் பெரும்பாலான ரயில் தண்டவாளங்களும் இன்றும் லண்டனிடமே உள்ளன.

ஐரோப்பாவும் இக்கதைக்குள் முதல் நாளிலிருந்தே இருந்திருக்கிறது. மேற்கு வேல்ஸும் பள்ளத்தாக்குகளும் சேர்ந்த பகுதியின் தலா உற்பத்தி, ஐரோப்பிய ஒன்றியச் சராசரியில் 75 விழுக்காட்டுக்கும் கீழே இருந்ததால், மிகப் பின்தங்கிய பகுதிகளுக்கான நிதி 2000 முதல் அதற்குக் கிடைத்தது. அந்தப் பணத்தைப் பெற, உள்நாட்டு அரசும் தன் பங்கைப் போட வேண்டும். அந்தப் பங்கை லண்டன் நிதியமைச்சகத்திடமிருந்து உறுதியாகப் பெற்றுத்தர முடியாததால் வேல்ஸின் முதல் ஆட்சித் தலைவரான ஆலன் மைக்கேல் 2000 பிப்ரவரியில் பேரவையின் நம்பிக்கையை இழந்து பதவி விலகினார். பேரவைக்கு அப்போது ஒரு வயதுகூட நிறையவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமையிடமான பிரஸ்ஸல்ஸ் கொடுக்க முன்வந்ததை வாங்கிக்கொள்ள லண்டனின் கையை எதிர்பார்த்து நிற்கும் கார்டிஃப் என்ற காட்சி அன்றே அரங்கேறிவிட்டது.

2016 ஜூன் 23 அன்று நியூபோர்ட்டில் நானும் வாக்களித்தேன். அப்போது என்னிடம் இருந்தது இந்தியக் கடவுச்சீட்டு. காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் இங்கு வசித்தால் வாக்களிக்கலாம் என்பது சட்டம். என்னோடு வேலை பார்த்த போர்ச்சுக்கல் பெண், என்னைவிட நெடுங்காலமாக இங்கு வாழ்ந்தவர், பிள்ளைகளை இங்கே பெற்று வளர்த்தவர். அவருடைய வாழ்வைத் தீர்மானிக்கும் வாக்கெடுப்பில் அவருக்கு வாக்கு இல்லை, எனக்கு இருந்தது. அன்று மாலை அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. மறுநாள் முடிவு வந்தபோது வேல்ஸ் 52.5 விழுக்காட்டோடு விலகலைத் தேர்ந்திருந்தது. 22 உள்ளாட்சிப் பகுதிகளில் 17 அந்தப் பக்கம். நியூபோர்ட்டும் அந்தப் பக்கமே. எப்பு வேலை உள்ளடக்கிய பிளைனா குவென்ட்டில் 62 விழுக்காடு. வேல்ஸிலேயே அதுதான் அதிகம்.

ஐரோப்பியப் பணத்தால் ரயிலும் கல்லூரியும் சாலையும் பெற்ற ஊர் ஐரோப்பாவை உதறியது ஏன் என்று செய்தியாளர்கள் படைபடையாக எப்பு வேலுக்கு வந்து வியந்துவிட்டுப் போனார்கள். அந்த வியப்பில் ஓர் அலட்சியம் இருப்பதாக எனக்குப் பட்டது, இன்றும் படுகிறது. நான் மருந்து பார்க்கும் காப்பகங்களில் அந்த எஃகு ஆலையில் முப்பது ஆண்டுகள் உழைத்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் ஐரோப்பாவிலேயே பெரியவற்றுள் ஒன்றாக இருந்த ஆலை அது. அது போன இடத்தில் வந்தவை தகவல் பலகைகளும், பயிற்சித் திட்டங்களும், வேறு ஊருக்கு வேலைக்குப் போக ஒரு ரயிலும். இரண்டு நிதிச் சுழற்சிகள் முடிந்தும் அந்தப் பகுதி 75 விழுக்காட்டுக் கோட்டைத் தாண்டவில்லை. பணம் வந்தது உண்மை. வாழ்வு திரும்பவில்லை என்பதும் உண்மை. லூயிஸ் இந்த மக்களின் பிரதிநிதி. அவருடைய பிராந்தியத்தின் நான்கு பட்டியல் இடங்களில் இரண்டை விலகலை முன்னிறுத்திய யூகிப் கட்சி வென்றிருந்தது. தம் வாக்காளர்களில் பெரும்பாலோர் தமக்கு எதிரான முடிவை எடுத்தபோது அவர்களைச் சாடாமல், அவர்கள் எடுத்த முடிவின் விலையை அவர்களே சுமக்க நேராமல் காப்பது எப்படி என்பதில் அவர் தம் முயற்சியைச் செலவிட்டார்.

2017 ஜனவரியில், தொழிற்கட்சியின் வேல்ஸ் அரசும் எதிர்வரிசையிலிருந்த பிளைட் கம்ரியும் சேர்ந்து ஒரு வெள்ளை அறிக்கையை வெளியிட்டன. அதை உருவாக்கியவர்களில் லூயிஸும் ஒருவர். ஐரோப்பியச் சந்தைக்குத் தடையற்ற வழி வேண்டும். வேல்ஸுக்கு வந்துகொண்டிருந்த நிதியில் குறைவு கூடாது. பிரஸ்ஸல்ஸிலிருந்து திரும்பும் அதிகாரங்களில் வேளாண்மை, மீன்வளம், சுற்றுச்சூழல் போன்று ஏற்கெனவே வேல்ஸுக்குப் பகிரப்பட்டவை நேரே கார்டிஃபுக்கு வர வேண்டும் என்பன அதன் சாரம். நிதி பற்றிய கவலைக்கு அடிப்படை இருந்தது. 2014ஆம் ஆண்டில் வேல்ஸ் ஐரோப்பாவுக்குக் கொடுத்ததைவிட 24.5 கோடி பவுண்டு அதிகமாகப் பெற்றது என்று கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருந்தார்கள்.

அதிகாரம் பற்றிய அவருடைய கவலைதான் இன்னும் கூர்மையானது. ஐரோப்பியச் சட்டங்கள் பிரித்தானியச் சட்டமாக மாறும் தறுவாயில், பகிரப்பட்ட துறைகளின் அதிகாரங்களும் லண்டனிலேயே தங்கிவிடலாம் என்று அவர் எச்சரித்தார். அதைத் தடுக்க, அச்சட்டங்களை வேல்ஸ் தானே தன் சட்டமாக எடுத்துக்கொள்ளும் தொடர்ச்சி மசோதா ஒன்று வேண்டும் என்று 2017 முதலே வற்புறுத்தினார். நோயோடு போராடிக்கொண்டே அவர் அதை முன்னெடுக்க, வேல்ஸ் அரசு 2018 மார்ச்சில் மசோதாவைக் கொண்டுவந்தது. அதே மாதம் 21ஆம் தேதி அது நிறைவேறியது. ஆனால் ஏப்ரலில் வேல்ஸ் அரசு லண்டனோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்து, ஆண்டு முடிவதற்குள் அந்தச் சட்டத்தைத் தானே நீக்கிவிட்டது. ஸ்காட்லாந்து அரசு அந்த உடன்பாட்டை ஏற்கவில்லை. கிடைத்த ஆயுதத்தை வேல்ஸ் கையிலிருந்து கீழே வைத்துவிட்டது என்று பிளைட் கம்ரி கருதியது. உடன்பாட்டால் பயனே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அதற்கு முன் லண்டன் வைத்திருந்த வரைவைவிட அது மேம்பட்டதுதான். ஆனால் நல்லெண்ணத்தை நம்பிச் செய்துகொண்ட உடன்பாடு, எதிரே இருப்பவர் மாறியதும் எவ்வளவு தாங்கும் என்பது பிறகு தெரிந்தது.

பகிரப்பட்ட துறைகளில் லண்டன் நாடாளுமன்றம் சட்டம் இயற்றுமுன் அந்தந்த நாட்டுச் சட்டமன்றத்தின் இசைவைப் பெறுவது வழக்கம். சியூவெல் மரபு என்று அதற்குப் பெயர். ‘வழக்கமாக’ என்ற ஒற்றைச் சொல்லில்தான் எல்லாம் நிற்கிறது. இது அரசியல் மரபுதான், நீதிமன்றம் நிலைநாட்டக் கூடியதன்று என்று பிரித்தானிய உச்ச நீதிமன்றம் 2017 ஜனவரியில் சொல்லிவிட்டது. 2020 ஜனவரியில் விலகல் உடன்பாட்டுச் சட்டத்துக்குக் கார்டிஃப், எடின்பரோ, பெல்ஃபாஸ்ட் ஆகிய மூன்று சட்டமன்றங்களும் இசைவு மறுத்தன. சட்டம் நிறைவேறியது. அதே ஆண்டு டிசம்பரில் உள்நாட்டுச் சந்தைச் சட்டத்துக்குச் செனெத் இசைவு மறுத்தது. அதுவும் நிறைவேறியது. பிரித்தானியாவின் ஒரு பகுதியில் சட்டப்படி விற்கத்தக்க பொருள் மற்றப் பகுதிகளிலும் விற்கத்தக்கது என்பது அச்சட்டத்தின் ஒரு கூறு. அதனால், வேல்ஸ் ஒரு பொருளின் விற்பனைக்குத் தடை விதித்தாலும், இங்கிலாந்திலிருந்து வரும் அதே பொருளை அந்தத் தடை கட்டுப்படுத்தாமல் போகலாம். 2011இல் பிரித்தானியாவிலேயே முதலாவதாகக் கடைகளில் தரும் ஒருமுறைப் பைகளுக்குக் கட்டணம் விதித்து மற்றவர்களுக்கு வழிகாட்டிய நாட்டுக்கு இது சிறிய இழப்பன்று. வேல்ஸ் அரசு நீதிமன்றம் சென்றது. காலத்துக்கு முந்திய வழக்கு என்று 2022இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளிவிட்டது.

இது தேசியவாதிகளின் கவலை மட்டுமே என்று நினைத்துவிடக் கூடாது. டேவிட் மெல்டிங் என்ற கன்சர்வேட்டிவ் உறுப்பினர் 1997இல் அதிகாரப் பகிர்வையே எதிர்த்தவர். 1999 முதல் 2021 வரை தொடர்ந்து உறுப்பினராக இருந்து, இடையே பேரவையின் துணைத் தலைவராகவும் பணியாற்றி, இந்த அரசமைப்பை உள்ளிருந்து பார்த்துப் பார்த்துக் கூட்டாட்சியை ஆதரிப்பவராக மாறினார். பிரித்தானியா ஒன்றாக இருக்க வேண்டும் என்று மனமார விரும்பியவர் அவர். உள்நாட்டுச் சந்தை மசோதா 2020 செப்டம்பரில் வந்தபோது, தம் கட்சியின் முன்வரிசைப் பொறுப்பைத் துறந்தார். லூயிஸ் விடுதலை பெற்ற வேல்ஸை விரும்பியவர். மெல்டிங் பிரித்தானிய ஒன்றியத்தைக் காக்க விரும்பியவர். இருவரும் ஒரே இடத்தில் வந்து நின்றதால்தான், இது கட்சிச் சண்டை அல்ல என்ற முடிவுக்கு நான் வந்தேன்.

அந்த உள்நாட்டுச் சந்தைச் சட்டத்தில் இன்னொரு பிரிவு இருக்கிறது. பகிரப்பட்ட துறைகளிலும் லண்டன் அமைச்சர்கள் நேரடியாகப் பணம் செலவிடலாம் என்பது. ஐரோப்பிய நிதிக்கு ஈடாக வந்த பகிர்ந்த செழிப்பு நிதி அந்த வழியில்தான் வந்தது. 2022 முதல் மூன்று ஆண்டுகளுக்கு வேல்ஸுக்கு 58.5 கோடி பவுண்டு. அது வேல்ஸ் அரசைத் தாண்டி உள்ளாட்சிகளுக்குப் போனது. அதில் ஏறத்தாழ 10 கோடி, பெரியவர்களுக்குக் கணக்கு கற்பிக்கும் திட்டத்துக்கு என்று லண்டனே ஒதுக்கிவிட்டது. கல்வி இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கார்டிஃபின் பொறுப்பு. கணக்கு கற்பிப்பது நல்ல காரியம்தான். பள்ளத்தாக்கில் அந்தப் பணத்துக்கு அதைவிட அவசரமான தேவை இருந்ததா என்று முடிவுசெய்ய வேண்டியவர் யார் என்பதே கேள்வி. ஐரோப்பிய நிதி நீடித்திருந்தால் கிடைத்திருக்கக் கூடியதைவிட 100 கோடி பவுண்டுக்கு மேல் குறைவு என்றது வேல்ஸ் அரசு. லண்டன் அந்தக் கணக்கை ஏற்கவில்லை. ஒரு பைசாவும் குறையாது என்று 2016இல் சொல்லப்பட்ட வாக்குறுதிக்கு இன்று பொறுப்பேற்க எவரும் இல்லை.

மற்ற பணமெல்லாம் பார்னெட் சூத்திரப்படி வருகிறது. இங்கிலாந்தில் ஒரு துறைக்குச் செலவு கூடினால், மக்கள்தொகைக்கு ஏற்ப வேல்ஸுக்கும் கூடும். தேவையை அளந்து தருவதன்று. 1970களின் இறுதியில் தற்காலிக ஏற்பாடாக வந்த இச்சூத்திரத்தில், வேல்ஸின் முதுமையையும் வறுமையையும் கணக்கில் எடுக்கும் திருத்தம் 2016இல்தான் உடன்பாடாயிற்று. எச்.எஸ்.2 அதிவேக ரயில் திட்டம் இதன் மறுபக்கம். லண்டனிலிருந்து பர்மிங்ஹாம் செல்லும் அந்தத் தடத்தில் ஓர் அடிகூட வேல்ஸில் இல்லை. ஆனாலும் அதை ‘இங்கிலாந்து மற்றும் வேல்ஸ்’ திட்டம் என்று வகைப்படுத்தியதால் ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் கிடைத்த பங்கு வேல்ஸுக்குக் கிடைக்கவில்லை. 2025 ஜூனில் லண்டன் அரசு வேல்ஸ் ரயில் பணிகளுக்கு 44.5 கோடி பவுண்டு அறிவித்தது, வகைப்பாடு மாறவில்லை.

என் வேலையில் இதை நான் அன்றாடம் பார்க்கிறேன். சமூகப் பராமரிப்பு வேல்ஸின் பொறுப்பு. பராமரிப்பாளர்களைப் பதிவுசெய்வதும், அவர்களுக்கு வாழ்வதற்குப் போதுமான ஊதியம் கிடைக்க 2022 முதல் நிதி கொடுப்பதும் கார்டிஃப். ஆனால் அவர்கள் எந்த நாட்டிலிருந்து வரலாம், வரலாமா என்று சொல்வது லண்டன். ஐரோப்பியர்கள் தடையின்றி வரும் வழி 2020 இறுதியில் அடைபட்டது. ஆள் பற்றாமல் போகவே 2022இல் பராமரிப்பாளர்களுக்கு விசா திறந்துவிடப்பட்டது. கேரளத்திலிருந்தும் நைஜீரியாவிலிருந்தும் பெண்கள் வந்தார்கள். 2024 மார்ச்சில் அவர்கள் குடும்பத்தை அழைத்துவரத் தடை வந்தது. 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து புதிதாகப் பராமரிப்பாளரை எடுப்பதே நிறுத்தப்பட்டது. இரவுப் பணிக்கு ஆள் இல்லாத காப்பகத்தில், மறதி நோயுள்ள ஒரு பாட்டிக்கு எட்டு மணி மாத்திரை பத்தரைக்குக் கொடுக்கப்பட்டிருப்பதைப் பதிவேட்டில் பார்க்கும்போது, அந்தத் தாமதத்தை எந்த அரசின் கணக்கில் எழுதுவது என்று எனக்குத் தெரிவதில்லை.

வடக்கே மெனாய் நீரிணையில் மட்டி வளர்ப்பவர்களுக்கும் இதே நிலைதான். ஐரோப்பாவுக்கு உயிரோடு அனுப்பிவந்த அவர்களுடைய மட்டிகள், 2021 ஜனவரி முதல் முன்கூட்டியே தூய்மைப்படுத்தப்படாமல் அந்த எல்லையைத் தாண்ட முடியவில்லை. மீன்வளம் வேல்ஸுக்குப் பகிரப்பட்ட துறை. வணிக ஒப்பந்தம் லண்டனுடையது.

இப்படி எல்லாவற்றையும் லண்டன் தலையில் வைப்பதும் நேர்மையாகாது. வடக்கு வேல்ஸின் ஏறத்தாழ ஏழு லட்சம் மக்களுக்கான பெட்சி கட்வாலடர் சுகாதார வாரியத்தை 2015இல் வேல்ஸ் அரசு தன் நேரடிக் கண்காணிப்பில் எடுத்தது. 2020 நவம்பரில் விடுவித்தது. 2023 பிப்ரவரியில் மீண்டும் எடுத்தது. அந்த ஆண்டுகளின் தோல்விக்கு பிரஸ்ஸல்ஸும் காரணம் அல்ல, லண்டன் நாடாளுமன்றமான வெஸ்ட்மின்ஸ்டரும் காரணம் அல்ல. 31 லட்சம் பேர் வாழும் நாட்டில், சிகிச்சைக்கான காத்திருப்புப் பட்டியல் 2024 இறுதியில் ஏறத்தாழ 8 லட்சம் பதிவுகளை எட்டியது; ஒருவரே இரண்டு பட்டியலில் இருக்கலாம் என்றாலும் அது பெரிய எண். 2022இல் நடந்த பிசா என்ற பன்னாட்டுக் கல்வித் தேர்வில் வேல்ஸ் மாணவர்கள் பிரித்தானியாவின் நான்கு நாடுகளில் கடைசியில் நின்றார்கள். இத்தனை ஆண்டுகளும் கார்டிஃபில் ஆட்சியை நடத்தியது தொழிற்கட்சிதான். பணம் போதவில்லை என்ற பதிலை அது வேண்டியபோதெல்லாம் எடுத்துக்கொண்டது. அந்தப் பதிலில் உண்மை இருந்ததாலேயே, உண்மை இல்லாத இடங்களிலும் அதைச் சொல்ல முடிந்தது. அதிகாரமும் பொறுப்பும் பிரிந்து கிடப்பதன் மிகப் பெரிய தீங்காக நான் கருதுவது இதைத்தான்: திறமையற்ற ஆட்சியையும் வஞ்சிக்கப்பட்ட ஆட்சியையும் வாக்காளர் வேறுபடுத்தி அறிய முடியாமல் போய்விடுகிறது. கண்காணிக்க வேண்டிய செனெத்திலும் ஆட்கள் போதவில்லை. 60 பேரில் அமைச்சர்கள் போக மீதமிருந்தவர்கள் இரண்டு மூன்று குழுக்களில் ஓடியாடிச் சட்டங்களைப் படித்தார்கள். 2026 தேர்தலிலிருந்து 96 பேர் என்று 2024இல் சட்டம் இயற்றப்பட்டதை வீண்செலவு என்று பலர் ஏசினார்கள். நான் வரவேற்றேன், மசோதாக்களை நிதானமாகப் படிக்க ஆள் வேண்டும்.

லூயிஸ் கேட்ட தாய்–சேய் பிரிவு 2021 வசந்தத்தில், நீத் நகருக்கு அருகே டோனா மருத்துவமனையில் திறக்கப்பட்டது. ஆறு படுக்கைகள். அப்போது அவர் இறந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. வடக்கு வேல்ஸிலிருந்து அங்கு வர மலைச்சாலைகளில் மணிக்கணக்காகப் பயணிக்க வேண்டும் என்ற குறை இருக்கிறது. அதையும் அவர் இருந்திருந்தால் கேட்டிருப்பார் என்று நம்புகிறேன். அந்தப் பிரிவுக்குக் கோபைத் என்று பெயர் வைத்தார்கள். வெல்ஷில் நம்பிக்கை என்று பொருள். பள்ளியில் வெல்ஷ் கற்கும் என் மகள்தான் எனக்கு அதைச் சொன்னாள்.

சென்ற ஆண்டு எங்கள் நண்பர் வட்டத்தில் ஓர் இளம்பெண் பிரசவத்துக்குப் பிறகு அங்கு ஏழு வாரம் இருந்தாள். அவள் தேறிக்கொண்டிருந்தபோது பார்க்கப் போயிருந்தேன். குழந்தை அவள் மடியிலேயே உறங்கிக்கொண்டிருந்தது. பேச்சுக்கிடையே, இந்த இடம் எப்படி வந்தது தெரியுமா என்று கேட்டேன். தெரியவில்லை. ஸ்டெஃபான் லூயிஸ் என்ற பெயரையும் அவள் கேள்விப்பட்டதில்லை. அவள் மேசையிலிருந்த பால் நேரக் குறிப்பேட்டின் கடைசித் தாளில் அந்தப் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு, நியூபோர்ட் வண்டியைப் பிடிக்கக் கிளம்பினேன்.